மார்த்தி தல்வெலா யாருங்க? இப்படி ஒரு பேஸ் குரல் நான் கேட்டதே இல்ல

சும்மாஒருத்தன்:

வணக்கம் மக்களே. ஓபரால நான் கத்துக்குட்டி, அத முதல்லயே சொல்லிடுறேன், ஏதாவது அபத்தமா கேட்டா திட்டாதீங்க. மோட்சார்ட்டோட மேஜிக் ஃப்ளூட் கேட்டுக்கிட்டு இருந்தேன், ஜார்ஜ் சோல்ட்டி கண்டக்ட் பண்ண 1969 ரெக்கார்டிங். எல்லாரும் மேல மேல போய் பாடுறாங்க, ராத்திரி ராணின்னு ஒருத்தி உச்சத்துக்குப் போய் பொரிஞ்சு தள்றா, சரி ஓபரான்னா இப்படித்தான் போலன்னு நினைச்சுக்கிட்டு இருக்கும்போது சரஸ்ட்ரோன்னு ஒரு கேரக்டர் வர்றாரு. மெதுவா, அவசரமே இல்லாம கீழ இறங்குறாரு, இன்னும் இறங்குறாரு, இதுக்கு மேல இறங்க எடமே இல்லன்னு நாம முடிவு பண்ற எடத்துல போய் சாவகாசமா நிக்கிறாரு. கத்தவே இல்ல. ஆனா ஆர்க்கெஸ்ட்ரா மொத்தமும் அவருக்குக் கீழ்ப்படிஞ்ச மாதிரி இருக்கு.

பேரு பாத்தா மார்த்தி தல்வெலா, பின்லாந்துன்னு போட்டிருக்கு. தேடிப் பாத்தா ரஷ்ய ராஜா வேஷத்துல போட்டோ போட்டோவா வருது, அதனால ரஷ்யாக்காரரோன்னு ஒரு சந்தேகம். இன்னொரு பக்கம் ஏதோ ஏரிக்கு நடுவுல ஒரு கோட்டை படம் வருது, அதுக்கும் இவருக்கும் என்ன சம்பந்தம்னு புரியல. தமிழ்ல இவரப் பத்தி எதுவும் கிடைக்கல. யாராவது விவரம் தெரிஞ்சவங்க கொஞ்சம் சொல்லுங்களேன், வாழ்க்கை, கேரியர் எல்லாம். அப்படியே அடுத்து எதக் கேக்கணும்னும் சொன்னா புண்ணியமா போகும்.

மந்தரஸ்தாயி:

ஆஹா, நல்ல எடத்துலதான் மாட்டியிருக்கீங்க ப்ரோ. கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

ரஷ்யாக்காரர் இல்ல, ஆனா அவரு பொறந்த ஊரு இப்ப ரஷ்யாவுலதான் இருக்கு. 1935 பிப்ரவரி 4, ஹீதோலான்னு ஒரு கிராமம், கரேலியா பக்கம். அப்ப அது பின்லாந்து. 1939 நவம்பர் கடைசில சோவியத் படை உள்ள வந்துச்சு, 1940 மார்ச்ல சமாதானம் பண்ணும்போது கரேலியாவுல பெரும்பகுதிய பின்லாந்து எழுதிக் குடுத்துட்டு நாலு லட்சத்துக்கும் மேல ஜனங்க வீடு வாசலை விட்டுட்டு மேற்க கிளம்பினாங்க. நடுவுல கொஞ்ச காலம் ஊரு திரும்பக் கிடைச்சு 1944ல மறுபடியும், இந்தத் தடவ ஒரேயடியா போயிடுச்சு. அந்த வயசு கரேலியப் பசங்க எல்லாருக்கும் இதான் பால்யம். பின்னாடி அவரு ரஷ்ய ராஜாவா வேஷம் கட்டி உலகம் பூரா பேரு வாங்கினாருங்கிறத இதோட சேத்து வச்சுப் பாருங்க, எனக்கு அது எப்பவுமே விசித்திரமாதான் படும்.

முதல்ல ஸ்கூல் வாத்தியாரு. அப்புறம் லாஹ்தில பாட்டு படிச்சு, அங்கேருந்து ஸ்டாக்ஹோம் போய் கார்ல் மார்ட்டின் ஊமன்னு ஒரு பழைய டெனர்கிட்ட (ஆம்பளைக் குரல்ல மேல போறது டெனர், அடில நிக்கிறது பேஸ்) கத்துக்கிட்டாரு. இந்த ஊமன்கிட்டதான் நிக்கோலாய் கெட்டாவும் படிச்சாரு, அவரு அப்ப பேங்க்ல கிளார்க்கு. ஒரு வாத்தியார்கிட்டேருந்து அவ்வளவு லேசான டெனர் ஒண்ணு, இவ்வளவு கனமான பேஸ் ஒண்ணு! 1961ல ஸ்டாக்ஹோம் ராயல் ஓபராவுல ஸ்பராஃபூசீலேவா பாடுறாரு, வெர்டியோட ரிகோலெட்டோல வர்ற கூலிக்குக் கொலை பண்றவன். சின்ன ரோல்தான், ஆனா தன் பேர சொல்லிட்டுப் போகும்போது கடைசில எஃப்னு ஒரு ரொம்பக் கீழ் சுரத்தப் புடிச்சு இழுக்கணும், பேஸ் பாடகனுக்கு அதான் விசிட்டிங் கார்டு.

அடுத்த வருஷமே பைராய்ட், ஜெர்மனில வாக்னர் ஓபராக்களுக்குன்னே நடக்குற விழா. அங்க முதல் ரோல் பார்சிஃபால்ல டிட்டுரெல். இதுல ஒரு தமாஷ் இருக்கு. மனுஷன் 6 அடி 7 அங்குலம், அதுக்கேத்த ஆகிருதி, மேடைல நின்னா பக்கத்துல நிக்கிற டெனர் ஸ்கூல் பையன் மாதிரி தெரிவாரு. ஆனா டிட்டுரெல் சமாதிக்குள்ள படுத்துக்கிட்டே பாடுற கிழவன், குரல் மட்டும்தான் வெளிய வரும். அவ்வளவு பெரிய ஆளைக் கூப்பிட்டு மறைச்சு வச்சிருக்காங்க! அந்த 1962 பார்சிஃபால் க்னாப்பர்ட்ஸ்புஷ் கண்டக்ட் பண்ணது, லைவ் ரெக்கார்டிங்கா இன்னிக்கும் கிடைக்குது, அதுல குர்னமான்ஸ் ரோல் ஹான்ஸ் ஹாட்டர். அதே வருஷம் பெர்லின் டாய்ச்ச ஓபராவுலயும் சேந்துட்டாரு, அதுதான் அவரோட வேலைக்கான அஸ்திவாரம்.

அப்புறம் அறுபதுகள் பூரா ரெக்கார்டிங் மழை. சோல்ட்டி, காராயன், பூம்னு எந்தப் பெரிய கண்டக்டர் கூப்பிடலன்னு கேளுங்க. 1968ல நியூயார்க் மெட் (மெட்ரோபாலிட்டன் ஓபரா), வெர்டியோட டான் கார்லோல கிராண்ட் இன்குவிசிட்டர், அதாவது மத விசாரணைத் தலைவர். 1974ல அங்கயே போரிஸ் கொடுனோவ், நீங்க பாத்த போட்டோ அதான். போரிஸ் பத்தி தனியா எழுதுறேன், இதுலயே திணிச்சா நல்லாருக்காது.

1989 ஜூலை 22, தன் பொண்ணு கல்யாணத்துல டான்ஸ் ஆடிக்கிட்டு இருக்கும்போதே விழுந்து இறந்துட்டாரு, மாரடைப்பு, 54 வயசு. பேஸ் குரலுக்கு 54ங்கிறது நல்லா பழுத்த நேரம், இன்னும் பத்து வருஷம் தாராளமா பாடியிருக்கலாம்.

ஏரிக்கரை:

நான் பின்லாந்துல இருக்கேன், அதனால அந்தக் கோட்டை மேட்டர நான் எடுத்துக்குறேன். மந்தரஸ்தாயி அண்ணா எழுதினது எல்லாம் சரி, ஆனா வெளியூர் ரெக்கார்டிங் கணக்கோட நிப்பாட்டிட்டீங்களேண்ணா. இங்க தல்வெலான்னு சொன்னா வயசானவங்க முதல்ல சொல்றது மெட்டையோ பைராய்ட்டையோ இல்ல, சவோன்லின்னா ஊர்ல நடக்குற ஓபரா விழாவதான்.

அந்தப் படத்துல இருக்கிறது ஓலவின்லின்னா கோட்டை, 1475ல கட்ட ஆரம்பிச்சது, கிழக்கேருந்து ரஷ்யர்கள் வர்றதத் தடுக்க ஸ்வீடன் ஆட்சில கட்டினது. ஏரிகளுக்கு நடுவுல ஒரு பாறைத் தீவு, அது மேல மூணு கோபுரம், பாலத்துல நடந்துதான் உள்ள போகணும். ஒவ்வொரு ஜூலையும் அதோட முற்றத்துல ஓபரா நடக்குது, மேல கூடாரத் துணி மாதிரி ஒரு கூரை, கீழ ரெண்டாயிரம் பேருக்கு மேல உக்காரலாம். ஹெல்சின்கிலேருந்து ரயில்ல வந்தா பாரிக்கலால இறங்கி சின்ன ரயில் மாறணும், அந்த ரூட் பூரா காடும் தண்ணியும்தான். ஜூலைன்னு நம்பி அரைக்கை சட்டையோட போனீங்கன்னா செத்தீங்க, ராத்திரி பத்து மணிக்கு வெளிச்சம் இருக்கும் ஆனா கல் செவுரு ஜில்லுனு இறக்கும், பக்கத்துல உள்ள பாட்டிங்க எல்லாம் கம்பளி, தலகாணி சகிதம் வந்து உக்காந்திருப்பாங்க. மேடைக்குப் பின்னாடி திரை கிடையாது, கோட்டைச் சுவரேதான் செட்டு. பாடுறவங்களுக்கு அது சவால், அவ்வளவு அகலமான மேடை, கோரஸ் ஒரு மூலைலேருந்து இன்னொரு மூலைக்கு வர்றதுக்கே பாட்டுல பல வரி ஓடிடும்.

இந்த விழா 1967ல திரும்பத் தொடங்கினப்ப ஒரு சின்ன ஊர் விசேஷம், அவ்வளவுதான், முதல்ல போட்டது பீத்தோவனோட ஃபிதேலியோ. 1972ல தல்வெலா கலை இயக்குநரா வர்றாரு, 1979 வரைக்கும். அப்ப அவரு உலகத்துல எந்த ஓபரா ஹவுஸ்லயும் கேட்ட சம்பளத்துக்குப் பாடலாம்ங்கிற நிலைமை. அந்த ஆளு கோடைல தன் நாட்டுல ஒரு சின்ன டவுன்ல வந்து விழா நடத்துறாரு, தனக்குப் பழக்கமான ஆட்களையெல்லாம் இழுத்துக்கிட்டு வர்றாரு. 1973ல ஆகஸ்ட் எவர்டிங் வந்து மேஜிக் ஃப்ளூட் போட்டாரு, சரஸ்ட்ரோ யாருன்னு சொல்லணுமா? அந்தத் தயாரிப்ப அதுக்கப்புறம் பல வருஷம் திரும்பத் திரும்பப் போட்டாங்க, இங்க ஒரு தலைமுறையே முதல் ஓபரான்னு பாத்தது அதத்தான்.

ஆனா எனக்கு முக்கியமா படுறது 1975. அந்த ஒரே வருஷத்துல ரெண்டு புது பின்னிஷ் ஓபரா. கோட்டையோட 500வது வருஷத்துக்காக ஆவுலிஸ் சல்லினென் எழுதின ரத்சுமியெஸ், குதிரைவீரன்னு அர்த்தம், ஜூலைல அந்த முற்றத்துலயே அரங்கேறுச்சு, அதுல மெயின் ரோல் மத்தி சல்மினென், அவரும் பேஸ்தான், தல்வெலாவுக்குப் பத்து வயசு இளையவர். செப்டம்பர்ல ஹெல்சின்கில யோனாஸ் கொக்கொனெனோட வீமெய்செத் கியுசவுக்செத், கடைசிச் சோதனைகள். இதுல மெயின் ரோல் தல்வெலா, அவர் குரலை மனசுல வச்சே எழுதினது.

அந்தக் கதை சொல்லியே ஆகணும். பாவோ ருவோத்சலைனென்னு நிஜமாவே வாழ்ந்த ஆளு, 1777லேருந்து 1852 வரைக்கும், படிப்பு கிடையாது, விவசாயி, ஆனா ஊர் ஊராப் போய் பிரசங்கம் பண்ணி ஒரு பெரிய பக்தி இயக்கத்துக்கே தலைவர் ஆனவரு. ஓபரா தொடங்கும்போதே மனுஷன் சாகக் கிடக்குறாரு. வாழ்க்கை துண்டு துண்டா ஞாபகம் வருது. வீட்டுல சோத்துக்கு வழியில்ல, பனில பயிர் போச்சு, இவரு இருக்கிற கடைசி ரொட்டிய எடுத்துக்கிட்டு பிரசங்கத்துக்குக் கிளம்புறாரு, பொண்டாட்டி ரீத்தா ஆத்திரத்துல கோடாலிய எடுத்து வீசுறா. வீசுறான்னா நிஜமாவே வீசுறா. சாமி பேர சொல்லி ஊருக்கெல்லாம் ஆறுதல் குடுத்தவன் சொந்த வீட்டுக்கு என்ன குடுத்தான்ங்கிற கேள்விதான் மொத்த ஓபராவும். நடுநடுவுல ஒரு பழைய கீர்த்தனை திரும்பத் திரும்ப வரும், இங்க சர்ச்சுக்குப் போற எல்லாருக்கும் மனப்பாடம் ஆனது. அதக் கேக்கும்போது இத்தாலியன், ஜெர்மன் தெரியாதவங்களுக்கும் ஓபரா நம்மளுதுதான்னு தோணிப்போச்சு. 1983ல பின்னிஷ் நேஷனல் ஓபரா இத நியூயார்க் மெட்டுக்கே கொண்டுபோய் போட்டுச்சு.

இவ்வளவு பெரிய காரியம் எந்த பில்டிங்ல நடந்துச்சு தெரியுமா? ஹெல்சின்கில அப்ப ஓபரா இருந்தது அலெக்சாண்டர் தியேட்டர்ல, ரஷ்ய ஆட்சி காலத்துல 1879ல கட்டின சின்ன தியேட்டரு. புது ஓபரா ஹவுஸ் 1993லதான் திறந்தாங்க. நேஷனல் ஓபராவோட தலைவர் பதவிக்கு தல்வெலாவத்தான் தேர்ந்தெடுத்து வச்சிருந்தாங்க, அதுக்குள்ள 1989 வந்துடுச்சு. அவரு இறந்த யுவாங்கிற ஊரு சவோன்லின்னாவுக்குப் பக்கம்தான், அங்க பண்ணை வச்சு விவசாயம் பாத்துக்கிட்டு இருந்தாரு.

நாலாம்வரிசை:

எல்லாரும் சாமி கும்பிடுற மாதிரி எழுதுறீங்க, ஒருத்தனாவது மாத்திப் பேசணும்ல :)

தல்வெலா பெரிய பாடகர், அதுல எனக்குச் சந்தேகம் இல்ல. ஆனா ஏரிக்கரை எழுதினதப் படிச்சா ஏதோ ஒத்த ஆளு பின்லாந்துல ஓபராவையே உண்டாக்கின மாதிரி இருக்கு. கொக்கொனென், சல்லினென் ரெண்டு பேரும் அவரு இல்லாட்டியும் எழுதியிருப்பாங்க, கொக்கொனென் அப்பவே அம்பது தாண்டின பெரிய கம்போசர். அரசாங்கம் அறுபதுகளோட கடைசிலேருந்து ஊர் ஊரா மியூசிக் ஸ்கூலுக்குக் காசு குடுக்க ஆரம்பிச்சுது, 1969லேருந்து லப்பேன்ராந்தால பாட்டுப் போட்டி நடக்குது, கரீத்தா மத்திலா 1981ல ஜெயிச்சது அங்கதான், ரெண்டு வருஷம் கழிச்சு கார்டிஃப்ல நடக்குற சர்வதேசப் பாட்டுப் போட்டியோட முதல் வருஷத்துலயே ஜெயிச்சு உலகத்துக்குத் தெரிஞ்சாங்க. யோர்மா ஹூன்னினென், சல்மினென், சொயிலெ இசொகோஸ்கி, இவங்க எல்லாம் ஒரு ஆளோட தயவுல வந்தவங்க இல்ல. மண்ணு தயாரா இருந்துச்சு.

இன்னொண்ணு குரல். கீழ்ப்பகுதி அபாரம், ஒத்துக்குறேன். மேல போகும்போது சில நேரம் குரல் காஞ்சு போயிடும், சுதி லேசா தொங்கும், முக்கியமா கடைசி வருஷங்கள்ல. ரால்ஃப் கொத்தோனி பியானோ வாசிச்சு ஷூபர்ட்டோட வின்டர்ரைசெ (குளிர்காலப் பயணம்) பாட்டுத் தொகுப்பப் பாடியிருக்காரு, அத சிலபேரு தலைல தூக்கி வச்சுக் கொண்டாடுவாங்க, எனக்கு அது ஒரு ஆனை பனில நடக்குற மாதிரிதான் இருக்கு. காதல் தோல்வில ஊரை விட்டுப் போற வாலிபன் பாட்டு அது. அவ்வளவு கனமான குரல்ல கேட்டா, இந்த ஆளுக்கு இன்னொரு பொண்ணு கிடைக்காதா என்னன்னு தோணிடுது.

வாக்னர்னு வந்தா நான் சல்மினென் கட்சி. வாக்னரோட வில்லன் ஹாகன் ரோல்ல அவரோட அந்த வெறுப்பு, அந்த இருட்டு, தல்வெலாகிட்ட வராது. தல்வெலா எதப் பாடினாலும் அடில ஒரு நல்ல மனுஷன் தெரிஞ்சுடுறாரு.

ஏரிக்கரை:

நாலாம்வரிசை சார், மண்ணு தயாரா இருந்துச்சுங்கிறது சரிதான். ஆனா 1967லேருந்து 1971 வரைக்கும் அதே கோட்டை, அதே ஏரி, அதே அரசாங்கம்தான், அப்ப ஏன் உலகம் திரும்பிப் பாக்கலன்னு யோசிச்சுப் பாருங்க. பெர்லின்லயும் நியூயார்க்லயும் பாடுற ஒருத்தன் போன் பண்ணிக் கூப்பிட்டாதான் அந்த லெவல் ஆட்கள் அந்தக் காட்டுக்குள்ள வருவாங்க. நான் அவரு பின்னிஷ் ஓபராவ உண்டாக்கினாருன்னு சொல்லல. நாலு பேரு கைல இருந்த சாமானை ஒரே மேடைக்குக் கொண்டுவந்து சேத்தாருன்னு சொல்றேன், அந்த வேலைய வேற யாரும் செய்யல.

பழம்புடவை:

ரெண்டு பேரும் சண்டை போடுறதுக்கு நடுவுல ஒரு அம்மாவ மறந்துட்டீங்க. சவோன்லின்னா விழாவ முதல்ல தொடங்கினது 1912ல, அய்னோ அக்தே. ஹெல்சின்கில 1876ல பொறந்தவங்க, அம்மா அப்பா ரெண்டு பேருமே பாடகர்கள், 1897ல பாரீஸ் ஓபராவுல ஃபவுஸ்ட்ல மார்கரீத்தா அறிமுகம், அப்புறம் மெட். ஸ்ட்ராஸோட சலோமே பாடி சலோமேன்னாலே இவங்கதான்னு ஆனவங்க, ஏழு திரை டான்ஸையும் ஆள் வைக்காம தானே ஆடுவாங்க, லண்டன்ல அந்த ஓபரா முதன்முதலா 1910ல பீச்சம் கண்டக்ட் பண்ணி நடந்தப்பவும் அவங்கதான். பின்னிஷ் கம்போசர் சிபெலியுஸ் லுவோன்னோத்தர்ங்கிற பாட்ட எழுதினது இவங்களுக்காக, 1913ல இங்கிலாந்துல க்ளாஸ்டர்ல அரங்கேத்தினதும் இவங்களே.

அந்த அம்மாதான் இந்தக் கோட்டையப் பாத்து இங்க ஓபரா போடலாம்னு முடிவு பண்ணது. பின்லாந்துக்கு அப்ப சுதந்திரமே கிடைக்கல, ரஷ்யப் பேரரசுக்குக் கீழ இருந்த காலம். முதல் வருஷம் மெலார்த்தினோட அய்னோன்னு ஒரு பின்னிஷ் ஓபரா. 1912, 13, 14, அப்புறம் யுத்தத்துக்கு நடுவுல 1916, அதுக்கப்புறம் ஒரே ஒரு தடவ 1930. அவ்வளவுதான், கைக்காசு போட்டு எவ்வளவு நாள் தள்ள முடியும். 1911ல ஹெல்சின்கில இவங்களும் எத்வார்த் ஃபாட்செரும் சேந்து ஆரம்பிச்ச கம்பெனிதான் பின்னாடி நேஷனல் ஓபராவா ஆச்சு. ஆக தல்வெலா செஞ்சது ரெண்டாவது ரவுண்டு. முதல் ரவுண்டு ஆடினது ஒரு பொம்பள.

சும்மாஒருத்தன்:

அம்மாடி, ஒரு கேள்வி கேட்டா ஒரு நாட்டோட சரித்திரமே வருது! எல்லாருக்கும் ரொம்ப நன்றி. கோடாலி சீன் படிச்சதும் அந்த ஓபராவத் தேடிட்டேன், ரெக்கார்டிங் இருக்கு போல. மந்தரஸ்தாயி ப்ரோ, போரிஸ் பத்தி தனியா எழுதுறேன்னு சொன்னீங்க, மறந்துடாதீங்க. அப்புறம் எனக்கு ரஷ்யன், ஜெர்மன் எதுவும் தெரியாது, வரிக்கு வரி அர்த்தம் பாத்துக்கிட்டே கேக்கணுமா இல்ல சும்மா கேக்கலாமா?

மந்தரஸ்தாயி:

மறக்கல ப்ரோ, நேரம் கிடைக்கல.

போரிஸ் கொடுனோவ் முஸ்ஸோர்க்ஸ்கி எழுதின ஓபரா. குழந்தை இளவரசனைக் கொன்னுட்டு சிம்மாசனம் ஏறினதா பழி சுமக்குற ராஜாவோட கதை. முஸ்ஸோர்க்ஸ்கி செத்ததுக்கப்புறம் அவரோட நண்பர் ரிம்ஸ்கி கோர்சகோவ், பாவம் ஆர்க்கெஸ்ட்ரா எழுதத் தெரியாம எழுதிட்டான்னு நினைச்சு, மொத்தத்தையும் பளபளன்னு பாலிஷ் போட்டு மாத்தி எழுதிட்டாரு. பல வருஷம் உலகம் பூரா அந்தப் பாலிஷ் போட்ட வெர்ஷன்தான் ஓடுச்சு. அதுல காட்சி வரிசையையும் மாத்தி, ராஜா சாகுறதக் கடைசிக் காட்சியா வச்சிட்டாரு. பேஸ் பாடகனுக்கு அது அல்வா, நாம செத்து விழணும், திரை இறங்கணும், கைதட்டல் பறக்கணும். முஸ்ஸோர்க்ஸ்கியோட 1872 வெர்ஷன்ல ராஜா செத்ததுக்கப்புறம் இன்னும் ஒரு முழுக் காட்சி இருக்கு, காட்டுல ஜனங்க கலகம் பண்றாங்க, கடைசில எல்லாரும் புது ஆளு பின்னாடி ஓடிடுறாங்க, ஒரு பைத்தியக்காரன் மட்டும் தனியா உக்காந்து ரஷ்யாவுக்காக அழுறான். ராஜா வேஷம் போட்டவரு அப்ப மேக்கப் கலைச்சுக்கிட்டு இருப்பாரு.

1974ல மெட்ல எவர்டிங் இயக்கி, ஷிப்பர்ஸ் கண்டக்ட் பண்ணப்ப முஸ்ஸோர்க்ஸ்கியோட சொந்த ஆர்க்கெஸ்ட்ராவுக்குத் திரும்பினாங்க, ரஷ்ய மொழிலயே பாடினாங்க, போரிஸ் தல்வெலா. அப்புறம் 1977ல வெளிவந்த ரெக்கார்டிங்லயும் அதே நிலைப்பாடு, யெர்ஸி செம்கோவ் கண்டக்டர், போலந்து ரேடியோ ஆர்க்கெஸ்ட்ரா. அதுல செத்த இளவரசன் நான்தான்னு சொல்லிக்கிட்டு வர்ற பொய் இளவரசனாப் பாடுறது யாரு தெரியுமா, நிக்கோலாய் கெட்டா! ஊமன் வாத்தியாரோட ரெண்டு சிஷ்யப் பிள்ளைங்களும் ஒரே ரெக்கார்டிங்ல, ஒருத்தன் சிம்மாசனத்துல, ஒருத்தன் அதப் பிடுங்க வர்றவன்.

அதுல கடிகாரக் காட்சி கேளுங்க, ரெண்டாவது அங்கம் முடியுற எடம். ராஜா தனியா இருக்காரு, ஆர்க்கெஸ்ட்ரா கடிகாரம் மாதிரி டிக் டிக்னு ரெண்டே சுரத்துல ஆடிக்கிட்டு இருக்கும், மூலைல செத்த குழந்தை நிக்கிற மாதிரி அவருக்குத் தெரியுது. நிறைய பேரு இந்த எடத்துல கத்துவாங்க, மூச்சு வாங்குவாங்க, மேஜையப் புடிச்சு உலுக்குவாங்க. தல்வெலா முக்கால்வாசி பாடவே செய்றாரு, சுரத்த விடாம. அவ்வளவு பெரிய உடம்புலேருந்து குரல் சின்னதாகிக்கிட்டே போகுது, மூலைக்கு ஒதுங்குற மாதிரி. நாலாம்வரிசை சொன்னாரே, அடில ஒரு நல்ல மனுஷன் தெரிஞ்சுடுறாருன்னு, ஹாகனுக்கு அது குறைதான், ஒத்துக்குறேன். போரிஸுக்கு அதான் பலமே. கெட்டவன் பயந்தா நமக்கென்ன வந்துச்சு, நல்லவனா இருக்க ஆசைப்பட்டவன் பயந்தாதான் வலிக்கும்.

இப்ப கேக்குற வரிசை. முதல்ல டான் கார்லோ, சோல்ட்டி கண்டக்ட் பண்ண 1965 ரெக்கார்டிங். அதுல ராஜா பிலிப்பும் கிராண்ட் இன்குவிசிட்டரும் சந்திக்கிற எடம் மட்டும் போதும், பத்து நிமிஷம்கூட இருக்காது. ரெண்டு பேருமே பேஸ், ராஜா நிக்கோலாய் கியவுரோவ். ஆர்க்கெஸ்ட்ரா கீழ ஊர்ந்து வரும், காண்ட்ரா பஸூனும் டிராம்போனும் சேந்து, தொண்ணூறு வயசு குருட்டுக் கிழவன் தடவித் தடவி உள்ள வர்றத அதுலயே பாக்கலாம். ராஜா கேக்குறான், என் பையனுக்கு மரண தண்டனை குடுத்தா மதம் என்னை மன்னிக்குமான்னு. கிழவன் கொஞ்சமும் அசையாம சொல்றான், கடவுளே தன் பையனைக் குடுத்தவருதானேன்னு. இதப் பாடும்போது தல்வெலாவுக்கு வயசு முப்பது! நம்ப முடியுதா பாருங்க.

அடுத்து வாக்னரோட வால்க்யூரெ, காராயன் கண்டக்ட் பண்ணி 1966ல ரெக்கார்ட் பண்ணது, முதல் அங்கம், ஹுன்டிங். வீட்டுக்குள்ள வந்து, என் வீட்டு அடுப்பு புனிதம், உனக்கும் அது புனிதமா இருக்கட்டும்னு விருந்தாளிகிட்ட மரியாதையாத்தான் சொல்றான், கேக்குற நமக்கு வயித்தக் கலக்கும். அதே வருஷம் பைராய்ட்ல பூம் கண்டக்ட் பண்ண டிரிஸ்டன், அதுவும் வாக்னர்தான், ஜோடியா நில்சனும் விண்ட்காசெனும், தல்வெலா அதுல மார்க்க ராஜா. மார்க்கயோட அந்த நீளப் புலம்பலை எழுந்து போய் காபி குடிச்சிட்டு வர்ற எடமா வச்சிருக்கிற ஆட்கள் நிறைய. இதுல கேட்டுட்டுப் போங்க. துரோகம் பண்ணவன்மேல ஒரு சொல்லுகூட கோவமா வராது, ஏன் இப்படின்னு மட்டும்தான் கேப்பாரு.

அர்த்தம் பாக்கணுமான்னு கேட்டீங்க. மேஜிக் ஃப்ளூட்டுக்கு வேணாம், கதைச் சுருக்கம் தெரிஞ்சா போதும். டான் கார்லோ காட்சிக்குக் கட்டாயம் வேணும், ரெண்டு பேரும் வாதம் பண்றாங்க, யாரு எந்த வரில ஜெயிக்கிறாங்கன்னு தெரியாம கேட்டா பாதி போயிடும்.

நாலாம்வரிசை:

டான் கார்லோ காட்சிக்கு நானும் கை தூக்குறேன், அதுல எதிர்க் கட்சியே கிடையாது. ஆனா கத்துக்குட்டிக்கு நேரா வாக்னர் குடுக்குறது அநியாயம், மூணரை மணி நேரம் டிரிஸ்டன்ல மாட்டிக்கிட்டு ஓடியே போயிடுவாரு. ரெண்டாவது அங்கத்தோட கடைசில அந்த மார்க்க பகுதிய மட்டும் தேடி எடுத்துக் கேளுங்க தம்பி.

ஏரிக்கரை:

கடைசிச் சோதனைகள் தேடினேன்னு சொன்னீங்கல்ல, அது ரெண்டு அங்கம், மொத்தம் பதினாலு காட்சி, சின்னச் சின்னதா இடைவெளி இல்லாம ஓடும். கண்டக்டர் உல்ஃப் சோடர்ப்லூம், ரீத்தாவா ரித்வா அவுவினென் பாடுற ரெக்கார்டிங்கானு பாத்துக்கோங்க, தல்வெலா இருக்கிறது அதுலதான். பின்னாடி வேற ஆட்கள் பாடினதும் இருக்கு, தேடும்போது கலந்து வரும். இதுக்கு லிப்ரெட்டோ (ஓபராவோட வரிகள்) மொழிபெயர்ப்பு கைல வச்சுக்கோங்க, இல்லன்னா சாகக் கிடக்குறவரு எப்ப வாலிபனானாரு, எப்ப திரும்பக் கிழவனானாருன்னு புடிபடாது.

சும்மாஒருத்தன்:

இன்குவிசிட்டர் காட்சி கேட்டாச்சு. முப்பது வயசா?! சத்தியமா நம்பல, ரெக்கார்டிங் வருஷத்தையும் பொறந்த வருஷத்தையும் ரெண்டு தடவ கழிச்சுப் பாத்தேன். ராஜா பாவம், கடைசில அந்தக் கிழவன் கதவுகிட்ட போகும்போது சமாதானமாப் போகலாம்னு கெஞ்சுறாரு, இவரு திரும்பிக்கூட பாக்க மாட்டேங்குறாரு. அடுத்து அந்தக் கடிகாரம், அப்புறம் கோடாலி. வாக்னருக்கு இன்னும் தைரியம் வரல.